இரத்தப்பழிக்குப் பயந்துதான் சுவிசேஷம் சொல்ல வேண்டுமா?

கேள்வி:

ஐயாவுக்கு ஸ்தோத்திரம். எனக்கு வயது 29. சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டம் நாசரேத் பக்கம். கோயம்புத்தூரில் ஒரு தனியார் வங்கியின் கடன் பிரிவில் வேலை செய்கிறேன். சில மாதங்களுக்கு முன் ஒரு மிஷனெரி கூட்டத்துக்குப் போயிருந்தேன். "உன் பக்கத்து சீட்டில் இருப்பவன் இன்று ராத்திரி செத்துப்போனால் அவன் இரத்தப்பழி யார் கையில்?" என்று பிரசங்கியார் திரும்பத் திரும்பக் கேட்டார். அழுதுகொண்டே எழுந்து நின்றேன். அர்ப்பணிப்புக் கார்டில் இரண்டு தீர்மானங்களை எழுதிக் கொடுத்தேன். ஒன்று, மாதம் மூவாயிரம் ரூபாய் காணிக்கை. மற்றொன்று, வாரம் ஒருவருக்காவது சுவிசேஷம் சொல்வது.

அன்றிலிருந்து நிம்மதி இல்லை. என்னோடு வேலை செய்யும் நண்பருக்கு வாரம் தவறாமல் சுவிசேஷக் கைப்பிரதி கொடுத்தேன், தினமும் வாட்ஸ்அப்பில் வசனம் அனுப்பினேன். இப்போது அவர் மதியம் வேறு மேஜையில் போய்ச் சாப்பிடுகிறார். காணிக்கைப் பணத்தை இரண்டு மாதமாக கிரெடிட் கார்டிலிருந்து கட்டுகிறேன். உண்மையைச் சொன்னால், பிறர் இரட்சிக்கப்பட வேண்டுமே என்ற ஆத்தும பாரம் எதுவும் எனக்கு இல்லை. பயம் மட்டும்தான் இருக்கிறது. எந்தக் காரணத்துக்காக நாம் சுவிசேஷம் சொல்ல வேண்டும் என்று வேதம் சொல்கிறது? வேலையை விட்டுவிட்டு ஊழியத்துக்குப் போனால் இந்தப் பயம் போகுமா?

பதில்:

அன்புள்ள தம்பி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேலையை விட வேண்டாம். பயத்தைப் போக்கிக்கொள்வதற்காக ஊழியத்துக்குப் போகிறவர் கூடவே பயமும் பஸ் ஏறிவிடும். மிஷனெரிப் பயிற்சிக்கு வருகிறவர்களை நேர்காணல் செய்வது என் வேலையில் ஒரு பகுதி. "ஏன் போக நினைக்கிறீர்கள்?" என்று கேட்டால், "கூட்டத்தில் கை தூக்கிவிட்டேன் ஐயா, போகாவிட்டால் கர்த்தர் அடிப்பார்" என்று சொல்கிறவர்கள் உண்டு. நல்ல பிள்ளைகள்தான். ஆனாலும் அவர்களை ஒரு வருடம் சொந்தச் சபையில் இருந்துவிட்டு வரச் சொல்வோம். பயத்தோடு போனவர் பணித்தளத்தில் என்ன ஆகிறார் என்பது எங்களுக்குத் தெரியும். ஞானஸ்நானக் கணக்கு வராத மாதம் அவருக்குத் தூக்கம் வராது. மாத அறிக்கையில் எழுத ஒரு பெயர் கிடைக்காதா என்று ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிற்பார். அந்த வீட்டில் இருப்பவர்களை மனிதர்களாகப் பார்க்கக்கூட அவருக்கு நேரம் இருக்காது. உங்கள் நண்பர் மேஜை மாறி உட்கார்ந்ததற்கும் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். உங்கள் பயத்தைத் தீர்ப்பதற்கு அவர் தேவைப்பட்டார். அது அவருக்குப் புரிந்திருக்கிறது.

சரி, அந்தப் பிரசங்கியார் சொன்ன இரத்தப்பழி எந்த வசனத்திலிருந்து வருகிறது என்று பார்ப்போம். எசேக்கியேல் 33:8. 3:18-லும் அதே வார்த்தைதான்: "அவன் இரத்தப்பழியை உன் கையிலே கேட்பேன்." கர்த்தர் இதை யாரிடம் சொன்னார்? பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போய் கேபார் நதியண்டையில் இருந்த ஓர் ஆசாரியனிடம். இஸ்ரவேல் வம்சத்தாருக்கு, அதாவது அவனுடைய சொந்த ஜனத்துக்கு, அவனைக் காவற்காரனாக நியமித்தபோது சொன்னார். கர்த்தருடைய வார்த்தையைக் கேட்டும் அதை மறைத்துவைக்கிற தீர்க்கதரிசிக்கு விடுக்கப்பட்ட எச்சரிப்பு இது. அதே அதிகாரத்தில் மூன்று வசனம் தள்ளி வாசித்துப் பாருங்கள். துன்மார்க்கனுடைய மரணத்தை நான் விரும்பவில்லை, அவன் திரும்பிப் பிழைப்பதையே விரும்புகிறேன், திரும்புங்கள், நீங்கள் ஏன் சாகவேண்டும் என்று கர்த்தர் கெஞ்சுகிறார். கூட்டங்களில் எட்டாம் வசனத்தோடு வேதத்தை மூடிவிடுகிறார்கள். பதினோராம் வசனம்வரை போயிருந்தால் நீங்கள் வேறு மாதிரி வீட்டுக்குத் திரும்பியிருப்பீர்கள்.

பவுலும் இந்த வார்த்தையை எடுத்துச் சொல்கிறார். மிலேத்துவில் எபேசு சபை மூப்பர்களிடம் விடைபெறும்போது, எல்லாருடைய இரத்தப்பழிக்கும் நான் நீங்கலாயிருக்கிறேன் என்கிறார் (அப்போஸ்தலர் 20:26). எதை வைத்து அப்படிச் சொல்கிறார்? மூன்று வருஷம் இரவும் பகலும் கண்ணீரோடு புத்தி சொன்னேன், தேவனுடைய ஆலோசனையில் ஒன்றையும் மறைத்துவைக்கவில்லை என்பதை வைத்து. எபேசுவில் எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை பேர் தள்ளினார்கள் என்ற கணக்கே அங்கே இல்லை. ஒன்றையும் ஒளிக்கவில்லை என்பதுதான் அவருடைய சாட்சி. சொல்லவேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொள்வது பாவமாகலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு மனிதனுடைய நித்தியத்தை உங்கள் கழுத்தில் கட்டித் தொங்கவிடும் அதிகாரம் எந்தப் பிரசங்கியாருக்கும் இல்லை. "நான் நட்டேன், அப்பொல்லோ நீர்ப்பாய்ச்சினான், தேவனே விளையச்செய்தார்" என்று எழுதியவரும் இதே பவுல்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பவுல் சபைகளுக்கு எழுதின நிருபங்களை ஒரே மூச்சில் வாசித்தால் ஒரு விஷயம் ஆச்சரியப்படுத்தும். "எல்லாரும் புறப்பட்டுப் போய்ச் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் பழி" என்று சாதாரண விசுவாசிகளை அவர் எங்கேயும் மிரட்டுவதில்லை. கொலோசெயருக்கு என்ன எழுதுகிறார்? எனக்குத் திறந்த வாசல் கிடைக்க ஜெபம் பண்ணுங்கள், புறம்பே இருக்கிறவர்களிடத்தில் ஞானமாய் நடந்துகொள்ளுங்கள், அவனவனுக்கு எப்படிப் பதில் சொல்லவேண்டுமென்று தெரியும்படி உங்கள் பேச்சு கிருபை பொருந்தினதாயும் உப்பால் சாரமேறினதாயும் இருக்கட்டும் என்கிறார். பதில் என்றால் முன்னால் ஒரு கேள்வி வந்திருக்க வேண்டும். உங்கள் நண்பர் உங்களிடம் இதுவரை எதையாவது கேட்டிருக்கிறாரா?

தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது இன்னும் சாதாரணமான புத்தி சொல்கிறார். அமைதலாய் இருங்கள், சொந்த அலுவலைப் பாருங்கள், கைகளினால் வேலை செய்யுங்கள், புறம்பே இருக்கிறவர்கள் முன்னால் யோக்கியமாய் நடங்கள் என்கிறார். கடன் பிரிவில் இருக்கும் உங்களுக்கு இதைவிடப் பொருத்தமான வசனம் கிடைக்காது. விண்ணப்பத்தோடு எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் வட்டி விவரத்தை மறைக்காமல் சொல்கிறீர்களா என்பதும் உங்கள் சாட்சியில் சேர்த்திதான்.

அப்படியானால் மிஷனெரி ஊழியத்துக்கு வேதம் காட்டும் காரணம் எது? ஒரே ஒரு காரணத்தை எடுத்துக் காட்டுவது கஷ்டம், பல இழைகள் இருக்கின்றன. இருந்தாலும் எல்லாவற்றுக்கும் அடியில் ஒன்று ஓடுகிறது. தேவன் மனதுருகிறவர். அந்த உருக்கத்தில் நமக்குப் பங்கு கிடைக்கும்போது நாம் புறப்படுகிறோம். இதைத் தலைகீழாகக் காட்ட வேதத்தில் ஒரு முழுப் புஸ்தகமே இருக்கிறது.

யோனாவைச் சொல்கிறேன். ஞாயிறு பள்ளியில் மீனோடு கதையை நிறுத்திவிடுவோம். உண்மையில் அந்தப் புஸ்தகத்தின் பாரமான பகுதி நான்காம் அதிகாரம். யோனாவிடம் கட்டளை இருந்தது. முதலில் யோப்பா துறைமுகத்தில் கப்பல் ஏறி தர்ஷீசுக்கு ஓடினான். அப்புறம் அடிபட்டு, கீழ்ப்படிந்து நினிவேக்குப் போனான். "இன்னும் நாற்பது நாள்" என்று பிரசங்கித்தான். முழுப் பட்டணமும் மனந்திரும்பியது. எந்த அறிக்கையிலும் இதைவிடப் பெரிய எண்ணிக்கையை எழுத முடியாது. ஆனால் பிரசங்கியார் கோபமாகப் பட்டணத்துக்கு வெளியே போய்க் குடிசை போட்டு உட்கார்ந்திருக்கிறார். நீர் இரக்கமுள்ளவர் என்று எனக்கு அப்போதே தெரியும், அதனால்தான் ஓடிப்போனேன் என்று கர்த்தரிடமே சொல்கிறார்! கட்டளைக்குக் கீழ்ப்படிந்தாயிற்று, ஆனால் கட்டளையிட்டவருடைய மனது அவனுக்குள் வரவில்லை. வலதுகைக்கும் இடதுகைக்கும் வித்தியாசம் அறியாத இலட்சத்து இருபதினாயிரம் பேருக்கு அதிகமானவர்களும் அநேக மிருகஜீவன்களும் இருக்கிற நினிவேக்காக நான் பரிதபியாமலிருப்பேனோ என்று கர்த்தர் கேட்கிறார். புஸ்தகம் அந்தக் கேள்வியோடு முடிகிறது. யோனா என்ன பதில் சொன்னான் என்று எழுதப்படவில்லை. நினிவேயின் ஆடுமாடுகளைக்கூடக் கணக்கில் வைத்திருக்கிற தேவன் இவர். (கப்பல் ஏறி ஓடின அதே யோப்பாவில்தான், பல நூற்றாண்டு கழித்து, புறஜாதியானாகிய கொர்நேலியுவின் வீட்டுக்குப் போகும்படி பேதுருவுக்குத் தரிசனம் கிடைத்தது. இந்த முறை பேதுரு போனார்.)

"எனக்குப் பாரமே இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். நம் சபைகளில் பாரம் என்றால் அழுகை, உபவாசம், முழு இரவு ஜெபம் என்று ஆகிவிட்டது. இயேசுவுக்குப் பாரம் எப்படி வந்தது என்று மத்தேயு 9:36-ல் பாருங்கள். திரளான ஜனங்களைக் கண்டார், அவர்கள் மேய்ப்பனில்லாத ஆடுகளைப்போலத் தொய்ந்துபோயிருந்தார்கள், மனதுருகினார். முதலில் கண்டார். நீங்கள் நண்பருக்கு எத்தனை வசனம் அனுப்பினீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அவர் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, எந்தக் கடன் அவரை அழுத்துகிறது, எதை நினைத்து அவர் சிரிப்பார் என்பதெல்லாம் தெரியுமா? தெரியாத மனிதன்மேல் பாரம் வராது. வந்தாலும் அது அவர்மேல் வந்த பாரமாக இருக்காது.

2 கொரிந்தியர் 5:14-ஐ மிஷனெரி போஸ்டர்களில் பார்த்திருப்பீர்கள்: "கிறிஸ்துவினுடைய அன்பு எங்களை நெருக்கி ஏவுகிறது." உங்களிடம் அன்பு இருக்கிறதா என்று தேடித்தேடிச் சோர்ந்துபோயிருக்கிறீர்கள். பவுல் தன் அன்பைப் பற்றி அங்கே பேசவில்லை. எல்லாருக்காகவும் ஒருவர் மரித்தார் என்பதுதான் அவரைப் பிடித்துத் தள்ளுகிறது. நேர்மையாக இன்னொன்றையும் சொல்லவேண்டும். அதற்கு மூன்று வசனம் முன்னால், கர்த்தருக்குப் பயப்படத்தக்கதென்று அறிந்து மனுஷருக்குப் புத்தி சொல்லுகிறோம் என்றும் எழுதுகிறார். ஆக, பயமும் இருக்கிறது. ஆனால் அந்தப் பயம் அவரை எங்கே கொண்டுபோகிறது? கிறிஸ்துவின் நியாயாசனத்துக்கு முன்பாக நான் நிற்கவேண்டும் என்கிற பயம் அது. அதனால் தந்திரமாய் நடக்கமாட்டேன், தேவவசனத்தைப் புரட்டமாட்டேன் என்று முந்தின அதிகாரத்தில் சொல்லியிருக்கிறார். கேட்பவரை மிரட்டுவதற்கு அவர் பயத்தை எடுக்கவில்லை. தன்னை நேர்மையாக வைத்துக்கொள்வதற்கு வைத்திருக்கிறார். நீங்கள் கேட்டு வந்த பிரசங்கத்தில் இருந்த பயம் வேறு ரகம்.

மத்தேயு 28-ஐயும் நாம் பாதியிலிருந்துதான் ஆரம்பிக்கிறோம். "புறப்பட்டுப்போய்" என்பதற்கு முன்னால் "ஆகையால்" இருக்கிறது. அதற்கும் முன்னால் வானத்திலும் பூமியிலும் சகல அதிகாரமும் எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்ற அறிவிப்பு. முடிவில், சகல நாட்களிலும் உங்களுடனேகூட இருக்கிறேன் என்ற வாக்கு. கட்டளை இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அதைக் கேட்டுக்கொண்டு நின்ற பதினொருவரும் யார் தெரியுமா? அவரைப் பணிந்துகொண்டார்கள், சிலரோ சந்தேகப்பட்டார்கள் என்று மத்தேயு எழுதிவைத்திருக்கிறார். சந்தேகம் தீர்ந்தபிறகு வாருங்கள் என்று கர்த்தர் அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை.

எனக்குப் பிடித்த மிஷனெரிகள் நாலு குஷ்டரோகிகள். 2 இராஜாக்கள் 7. சமாரியா முற்றிக்கை போடப்பட்டு, ஒரு கழுதைத் தலை எண்பது வெள்ளிக்காசுக்கு விற்கும் பஞ்சம். வாசலில் கிடந்த இந்த நாலு பேரும் செத்தாலும் சாவோம் என்று சீரியரின் பாளயத்துக்குப் போனால், அங்கே ஒருவரும் இல்லை. சாப்பாடு அப்படியே இருக்கிறது. புசித்தார்கள், குடித்தார்கள், வெள்ளியும் பொன்னும் வஸ்திரங்களும் எடுத்து ஒளித்துவைத்தார்கள். அப்புறம்தான் ஒருவருக்கொருவர், "நாம் செய்கிறது நியாயமல்ல, இந்நாள் நற்செய்தி அறிவிக்கும் நாள்" என்று சொல்லிக்கொண்டார்கள். விடியும்வரை மவுனமாயிருந்தால் குற்றம் நம்மேல் சுமரும் என்றும் அவர்களே சொல்கிறார்கள். ஆக, கொஞ்சம் குற்றவுணர்வும் உண்டு. ஆனால் வயிறு நிறைந்தபிறகு வந்த குற்றவுணர்வு அது. ஊருக்கே பசி, நம்மிடம் சாப்பாடு இருக்கிறது, இதை எப்படிச் சொல்லாமல் இருப்பது என்ற கூச்சம். யாழ்ப்பாணத்துத் தமிழரான டி.டி. நைல்ஸ் சுவிசேஷ ஊழியத்தைப் பற்றிச் சொன்னது உலகமெங்கும் மேற்கோளாகிவிட்டது: எங்கே உணவு கிடைக்கும் என்று ஒரு பிச்சைக்காரன் இன்னொரு பிச்சைக்காரனுக்குச் சொல்வது. அவர் மனதில் இந்த நாலு பேரும் இருந்தார்களோ என்று நான் நினைப்பதுண்டு.

அதனால் உங்களிடம் ஒரு கேள்வி. நீங்கள் சாப்பிட்டீர்களா? அந்தக் கூட்டத்துக்குப் பிறகு, யாருக்கும் அனுப்புவதற்காக இல்லாமல், உங்களுக்காக வேதத்தைத் திறந்தது எப்போது? உங்கள் கடிதத்தில் இயேசுவைப் பற்றி ஒரு சந்தோஷமான வாக்கியம்கூட இல்லை. குறையாகச் சொல்லவில்லை தம்பி, கவனித்ததைச் சொல்கிறேன்.

நம் ஊர்க் கதை ஒன்றும் சொல்லவேண்டும், ஏனென்றால் நீங்கள் அந்த மண்ணிலிருந்து வந்தவர். வெள்ளாளன்விளையில் ஒரு கிராமத்துக் குருவானவரின் மகனாக 1874-ல் பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. ஒய்.எம்.சி.ஏ. செயலாளராக இருந்தபோது 1902-ல் யாழ்ப்பாணம் போனார். அங்கே தமிழ்க் கிறிஸ்தவ மாணவர்கள் தாங்களே பணம் சேர்த்து, கடல் தாண்டி இந்தப் பக்கம் தொண்டிக்கு மிஷனெரி அனுப்பியிருப்பது தெரியவந்தது. திருநெல்வேலி சபை எவ்வளவு பெரியது! ஆனாலும் தன் பணத்தில், தன் ஆளை வெளியே அனுப்பியதில்லையே என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. 1903 பிப்ரவரி 12-ம் தேதி பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பது அதன் கொள்கை. அடுத்த வருடமே சாமுவேல் பாக்கியநாதன் நிஜாம் சமஸ்தானத்து டோர்னக்கல்லுக்குப் புறப்பட்டார். 1909-ல் அசரியாவும் தெலுங்கு படித்துக்கொண்டு அங்கேயே போய்விட்டார். 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். ஊரில் உங்கள் சபையிலும் இந்தச் சங்கத்துக்கான ஐ.எம்.எஸ். ஞாயிறு வந்திருக்கும். அந்தக் காணிக்கைக் கவரின் பின்னால் இருக்கும் கதை இது. தொடங்கியபோது கொஞ்சம் வெட்கம் இருந்தது உண்மைதான். ஆனால் வெட்கம் மட்டும் ஒரு மனிதனை முப்பது வருடத்துக்குமேல் தெலுங்கு கிராமங்களில் நடக்கவைக்காது.

1910-ல் எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு. அங்கே அசரியா பேசியதை இன்றும் திரும்பிப் பார்க்கிறார்கள். வெள்ளைக்கார மிஷனெரிகள் நிறைந்த சபையில், தரித்திரரைப் போஷிக்க உங்கள் பொருள்களைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரங்களையும் சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். 1 கொரிந்தியர் 13-ஐ அப்படியே எடுத்து அவர்கள் முன்னால் வைத்தார். தியாகத்தில் அவர்கள் குறைந்தவர்கள் இல்லை. அதை அவர் மறுக்கவும் இல்லை. ஒரே மேஜையில் உட்காரும் நட்பு இல்லை என்பதுதான் அவருடைய மனக்குறை. உங்கள் கடிதத்தில் மேஜை மாறின நண்பரைப் பற்றி வாசித்ததும் எனக்கு இந்தப் பேச்சுதான் ஞாபகம் வந்தது.

டோர்னக்கல்லில் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. ஞானஸ்நானம் பெற்றவர்களைத் தங்கள் தலையில் கை வைத்துக்கொண்டு, "சுவிசேஷத்தை நான் பிரசங்கியாதிருந்தால், எனக்கு ஐயோ" என்ற பவுலின் வார்த்தையைச் சொல்லவைப்பார். இதுவும் பயமுறுத்தல்தானே என்று நீங்கள் கேட்கலாம். அதைச் சொன்னவர்கள் யாரென்று பாருங்கள். பெரும்பாலும் மாலா, மாதிகா என்ற தலித் சமூகங்களின் மக்கள், நிலம் இல்லாத கூலியாட்கள். ஊருக்குள் அவர்கள் வாயைத் திறக்கவே உரிமை மறுக்கப்பட்டிருந்தது. அப்படிப்பட்டவர்களின் வாயில், அறிவிக்கிறவன் நான் என்ற வார்த்தையை வைத்தார் அசரியா. அந்த "ஐயோ" வெளியிலிருந்து ஒருவர் நீட்டுகிற விரல் இல்லை. எரேமியா சொன்னதைப்போல, எலும்புகளில் அடைபட்ட அக்கினி. அடக்க முடியாமல் போகிறவனுடைய ஐயோ. பவுலும் அதே இடத்தில், கூலி வாங்காமல் சுவிசேஷத்தைக் கொடுப்பதே எனக்குப் பலன் என்று சந்தோஷமாகத்தான் எழுதுகிறார்.

இன்னும் ஒருவரைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்கு. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து தமிழ் எழுத்துப் பழகியவர். தமிழர்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பி, அவர்கள் எழுதின பதில்களை ஜெர்மன் மொழியில் பெயர்த்து ஜெர்மனியிலுள்ள ஹாலே நகரத்துக்கு அனுப்பினார். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி அவர் எழுதியதைப் பார்த்து அங்கிருந்த பெரியவர்கள் எரிச்சலடைந்தார்கள். அஞ்ஞானத்தை ஒழிக்க அனுப்பினால் அதை ஐரோப்பாவில் பரப்புவதா என்று கேட்டார்கள். அந்த நூல் 1867-ல்தான் அச்சேறியது. தான் பேசும் முன் எதிரில் இருப்பவர் என்ன நம்புகிறார் என்று கேட்க அவருக்குப் பொறுமை இருந்தது. பயத்தில் ஓடுகிறவருக்கு இந்தப் பொறுமை வராது.

இதையெல்லாம் வாசித்துவிட்டு, "என் நோக்கம் சுத்தமாகும்வரை வாயே திறக்கமாட்டேன்" என்று மறுபக்கம் போய்விடாதீர்கள். சிலர் பொறாமையினாலும் விரோதத்தினாலும் கிறிஸ்துவைப் பிரசங்கிக்கிறார்கள் என்று பிலிப்பியருக்குச் சிறையிலிருந்து எழுதுகிறார் பவுல். எப்படியாவது கிறிஸ்து அறிவிக்கப்படுகிறாரே, அதில் சந்தோஷப்படுகிறேன் என்கிறார். கலப்படமில்லாத நோக்கம் யாரிடமும் இல்லை, என்னிடமும் இல்லை. அதே சமயம் மத்தேயு 23:15-ம் இருக்கிறது. ஒருவனைத் தங்கள் மார்க்கத்தானாக்க சமுத்திரத்தையும் பூமியையும் சுற்றித்திரிந்த வேதபாரகரையும் பரிசேயரையும் இயேசு கண்டித்தார். தூரம் போவதும் பாடுபடுவதும் மட்டும் அவரை மகிழ்விப்பதில்லை.

இனி நண்பர் விஷயம். வாட்ஸ்அப் வசனங்களை இன்றோடு நிறுத்துங்கள். ஒருநாள் டீ குடிக்கும்போது, "கொஞ்ச நாளாக உங்களுக்குத் தொந்தரவு கொடுத்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று நேரடியாகச் சொல்லிவிடுங்கள். அதோடு பேச்சை வேறு பக்கம் திருப்புங்கள். அந்த மன்னிப்பையே இன்னொரு சுவிசேஷக் கூட்டமாக மாற்றிவிட வேண்டாம். அவர் உங்களுக்குக் கீழே வேலை செய்பவரா, சமமானவரா என்று நீங்கள் எழுதவில்லை. கீழே என்றால் இன்னும் கவனம் தேவை. உங்கள் கையில் அவருடைய லீவும் மதிப்பீடும் இருக்கும்போது அவரால் "வேண்டாம்" என்று மனம்விட்டுச் சொல்ல முடியாது. நம் அரசியல் சட்டத்தின் 25-வது பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது. ஆனால் அது இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று 1977-ல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அந்தத் தீர்ப்பைப் பற்றிச் சபைகளில் பல கருத்துகள் உண்டு. எப்படியிருந்தாலும், வேலை நேரத்தில் மேஜைக்கு மேஜை கைப்பிரதி கொடுப்பது ஞானமான நடக்கை இல்லை.

நட்பு திரும்பி வந்தால் அதை நட்பாகவே வைத்திருங்கள். அவரை ஆலயத்துக்கு அழைத்துப் போவதற்கான வழியாக நட்பைப் பிடித்தால், அவர் அதையும் கண்டுபிடித்துவிடுவார். அவர் கேட்கிற நாளில் பேதுரு சொன்னபடி சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சாப்பாட்டு மேஜையில் உங்கள் இடம் அவர் பக்கத்திலேயே இருக்கட்டும். அவருக்காக ஜெபிப்பதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

வெளி ஊழியத்துக்கான அழைப்பு உங்களுக்கு இல்லை என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. இருந்தால் அது காத்திருக்கும். அந்தியோகியாவில் பர்னபாவையும் சவுலையும் பிரித்துவிடும்படி ஆவியானவர் சொன்னபோது, அவர்கள் சபையோடு ஆராதனை செய்து, உபவாசித்துக்கொண்டிருந்தார்கள். உங்களை நன்றாகத் தெரிந்த போதகரோடும் இரண்டு மூன்று பெரியவர்களோடும் உட்கார்ந்து பேசுங்கள். முடிந்தால் பணித்தளம் ஒன்றுக்கு லீவு போட்டுப் போய், சில நாள் மிஷனெரி குடும்பத்தோடு தங்கிப் பாருங்கள். அவர்கள் தண்ணீர் எடுக்கிற இடம், பிள்ளைகளைப் படிக்கவைக்கப் படும் பாடு, பக்கத்து வீட்டுக்காரர் அவர்களை எப்படிக் கூப்பிடுகிறார் என்பதெல்லாம் தெரியவரும். மேடையில் சொல்லப்படாத பாதி அது.

கடைசியாக, காணிக்கை. கடன் பிரிவில் இருப்பவருக்கு கிரெடிட் கார்டு வட்டியைப் பற்றி நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. அந்த அர்ப்பணிப்புக் கார்டில் எழுதிக் கொடுத்தது கூட்டத்தின் உணர்ச்சியில். அதை நிறைவேற்றாவிட்டால் கர்த்தர் தண்டிப்பார் என்று நினைக்கவேண்டாம். மனவிருப்பமிருந்தால் ஒருவனுக்கு இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அங்கீகரிக்கப்படும் என்பது 2 கொரிந்தியர் 8:12. மிசோரம் சபைகளில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக, பெண்கள் ஒவ்வொரு முறை சமைக்கும்போதும் ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்துவைக்கிறார்கள். அதை விற்று வரும் பணம் மிஷனெரி ஊழியத்துக்குப் போகிறது. பானையில் போகிற அரிசியிலிருந்துதான் அந்தப் பிடி எடுக்கப்படுகிறது, கடன் வாங்கின அரிசியிலிருந்து இல்லை. நீங்கள் காணிக்கை அனுப்பும் நிறுவனத்துக்கு ஒரு கடிதம் போட்டு, இப்போதைக்கு மூவாயிரம் முடியாது, ஐந்நூறு அனுப்புகிறேன் என்று சொல்லுங்கள். நல்ல நிறுவனமாக இருந்தால் புரிந்துகொள்வார்கள். கிரெடிட் கார்டு பாக்கியை முதலில் முடியுங்கள், தொகையை அப்புறம் கூட்டிக்கொள்ளலாம்.